அட்டைக் கணக்கும் காசுக் கணக்கும்

தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு,

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வணக்கம். முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14 இரவு, எம்பொம்பேலாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நம் தேசிய அணி பஃபானா பஃபானா ருவாண்டாவை 3-0 என்று வென்றபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. 2010 உலகக் கோப்பையை நாமே நடத்தியதால் இடம் கிடைத்தது. ஆடித் தகுதி பெற்று உலகக் கோப்பைக்குப் போனது 2002க்குப் பிறகு இப்போதுதான்.

ஆனால் அன்றிரவு நான் பாதி நேரம் பார்த்தது நம் பிரிவின் இன்னொரு ஆட்டத்தின் ஸ்கோரை. நைஜீரியா பெனினை 4-0 என்று அடிக்காமல், பெனின் ஜெயித்திருந்தால் நம் மூன்று கோலும் வீண். அந்த நிலைமை எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி, அடுத்த ஆட்டம் ஆடக் கூடாதிருந்த தெபோஹோ மொகோயெனாவை மார்ச் மாதம் லெசோத்தோவுக்கு எதிராக இறக்கினீர்கள். களத்தில் 2-0 என்று வென்ற ஆட்டத்தை ஃபிஃபா 3-0 தோல்வியாக மாற்றியது. மூன்று புள்ளி போனது. ஆட்டக்காரர் யாரும் செய்த தப்பு இல்லை இது. எண்ணத் தவறியவர்களின் தப்பு.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், எங்கள் உள்ளூர் லீக்கில் என் மாமா செயலாளராக இருந்தார். பகலில் செருப்புத் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தடித்த அட்டை போட்ட நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் போன் போடுவார். “தம்பி, உன் பத்தாம் நம்பர் நாளைக்கு ஆடக் கூடாது, ரெண்டு மஞ்சள் ஆச்சு.” ஒரு தடவை அந்தப் பத்தாம் நம்பர் நான். அரையிறுதி வேறு. அத்தை கெஞ்சிப் பார்த்தாள், மாமா மசியவில்லை. ஒரு மாசம் அவரோடு நான் பேசவில்லை. சம்பளம் இல்லாத மனிதர், கையில் ஒரு பால்பாயின்ட் பேனா. உங்களிடம் அலுவலகம், கணினி, ஆள் பலம் எல்லாம் இருந்தது.

சரி, தப்பித்தோம். அட்டை கணக்கை இப்போது யார் பார்க்கிறார்? அந்த ஒருவரின் பொறுப்பு என்ன என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உலகக் கோப்பையின் முதல் சுற்றிலும் இரண்டு மஞ்சள் என்றால் அடுத்த ஆட்டம் இல்லை.

இரண்டாவது, காசு. தகுதி பெற்ற ஒவ்வொரு நாட்டுக்கும் ஃபிஃபா ஒரு கோடி டாலருக்கு மேல் தருகிறது. அதில் எத்தனை காசு சிறுவர் லீக்குகளுக்கு வரும்? நான் சனிக்கிழமைதோறும் பயிற்சி தரும் திடலில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். யாரிடம் கேட்டாலும் வேறொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

இந்த ஊருக்குக் கால்பந்து புதிதல்ல. நிறவெறிக் காலத்தில் கரீஸ் ஃபவுண்டன் திடலில் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆடினார்கள். நிறவெறிக்காக நம் மீது இருந்த சர்வதேசத் தடை நீங்கி 1992 ஜூலை 7 அன்று நாடு தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் டர்பனில்தான்; டாக்டர் குமாலோவின் பெனால்டியில் கேமரூனை 1-0 என்று வென்றோம். டர்பன் பீனிக்ஸின் மேனிங் ரேஞ்சர்ஸ் அணி 1996-97இல் நம் பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியன். இன்று அந்தப் பெயர் முதல் பிரிவில் இல்லை.

2025 அக்டோபரில் இங்கே மோசஸ் மபீடா மைதானத்தில் ஜிம்பாப்வேயோடு 0-0 ஆடினீர்களே, காகிதத்தில் அது ஜிம்பாப்வேயின் சொந்த மைதானம். சொந்த ஊரில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்தேன். (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌ மட்டும் நம்மூர்ச் சுவை.)

2026 ஜூன் 11 இரவு 9 மணிக்கு மெக்சிகோவோடு தொடக்க ஆட்டம். 2010 உலகக் கோப்பையில் நம் ஆட்டக்காரர் சபலாலா அடித்த முதல் கோலை யூடியூப்பில் மட்டும் பார்த்த பிள்ளைகள் என்னோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்குள் இந்த இரண்டு கணக்குக்கும் பதில் வந்தால், ஆட்டம் தொடங்கும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் சிறுவர் அணி ஒன்றின் பயிற்சியாளர்