தொப்பி வியாபாரி சேர்த்த பாட்டுத்தாள்கள்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்தி மீனா பியானோவில் மூன்றாம் கிரேடு தேறிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அவளுக்காகப் பழைய இசைத்தாள் தேடப்போய், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள லெவி தொகுப்பில் மூழ்கிவிட்டேன்.

லெஸ்டர் லெவி அந்த ஊர்த் தொப்பி வியாபாரி. பல ஆண்டுகள் தேடித்தேடிச் சேர்த்த பாட்டுத்தாள்களை 1976இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இன்று 29,000க்கு மேல் இருக்கின்றன. ரேடியோவும் இசைத்தட்டும் வருமுன் அமெரிக்க வீடுகளுக்குள் புதுப்பாட்டு நுழைந்தது பெரும்பாலும் இந்தத் தாள் வழியாகத்தான். நம் சினிமா பாட்டுப் புத்தகத்தில் வரிகள் மட்டும் இருக்கும். இதில் பியானோவுக்கான இசைக்குறிப்பும் உண்டு.

அமெரிக்க தேசிய கீதம் இசையோடு முதலில் அச்சான தாளும் இங்கே இருக்கிறது. 1814இல் தாமஸ் கார் பால்டிமோரிலேயே அச்சிட்டது. 'தேசபக்திப் பாடல்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து விட்டுப்போயிருக்கிறது. முதல் பதிப்புக்கு அந்தப் பிழைதான் அடையாளம்!

சில பாட்டுத்தாள்களின் அட்டைகளைப் பார்த்து வயிறு எரிந்தது, சுந்தரம். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைகளின் பாட்டுகள் அவை. குழந்தைகள் பாடும் 'ஓ சுசானா'வும் அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் அந்தப் பாட்டு 1848இல் அச்சானபோது, கறுப்பர்கள் ஐந்நூறு பேர் செத்ததை வேடிக்கையாகச் சொல்லும் சரணம் அதில் இருந்தது. இன்று அதை யாரும் பாடுவதில்லை.

நூலகம் இவற்றை ஒளிக்கவில்லை. அதுதான் சரி என்பேன். வரிசையாகப் பார்க்கும்போதுதான், இது யாரோ ஒருவரின் வக்கிரம் என்று ஒதுக்க முடியாமல் போகிறது. காசு கொடுத்து வாங்கி, கூடத்தில் குடும்பமாகப் பாடியிருக்கிறார்கள். கிழித்துப் போட்டிருந்தால் பாட்டின் இனிமை மட்டும் மிஞ்சியிருக்கும். பழிக்கப்பட்டவர்கள் பட்டதற்குச் சாட்சி இருக்காது.

காப்புரிமை தீர்ந்த பழைய தாள்களை இணையத்திலேயே இலவசமாக எடுக்கலாம். மீனாவுக்கென்று ஃபாஸ்டரின் மெட்டுகள் இரண்டை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வாசிக்கட்டும், அந்தச் சரணத்தின் கதையையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல். அவள் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுது.

அன்புடன்,
கணேசன்