பழைய தலைப்பு, நாளைய விளைவு: ஞாயிறு பகுதிக்குச் சில யோசனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய செய்தித் தலைப்பு ஒன்றை எடுத்து, அதன் விளைவு பல்லாண்டு கழித்து எங்கே போய் நிற்கும் என்று வாசகர்கள் வேடிக்கையாக எழுதும் பகுதியை ஞாயிறுதோறும் வெளியிடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் வருகிற துணுக்குகளில் பாதிக்குமேல் தலைப்பே கற்பனை. தலைப்பும் கற்பனை, விளைவும் கற்பனை என்றால் சிரிப்புக்குப் பிடிமானம் இருக்காது. தாளில் அச்சானபடியே, 'சர்க்கார்', 'மகாநாடு', 'காரியதரிசி' போன்ற சொற்களைத் திருத்தாமல், இதழின் பெயரோடும் தேதியோடும் தலைப்பைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் விளைவை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம்.

நீட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா புழக்கத்துக்கு வந்த செய்தியை எடுத்துக்கொள்வோம். 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. கணக்குப்படி ஒரு அணாவுக்கு 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே மாற்றுப் பட்டியலில் ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். ஒரு அணாத் தேன்குழலைப் பதினாறு பேருக்குத் தனித்தனியாக விற்ற கடைக்காரருக்கு 96 பைசாதான் தேறும். 4 பைசா நட்டம். மூன்று அணாவுக்குச் சீப்புச் சீடை விற்றவருக்கோ ஒவ்வொரு தடவையும் கால் பைசா லாபம். இதுவரை எல்லாம் கணக்கு.

இனிமேல்தான் கற்பனை. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய செட்டிநாட்டில் அந்த 4 பைசாவை யாரும் மறக்கவில்லை என்று வையுங்கள். நூற்றுக்கு 12 வட்டி, ஆண்டுக்கொரு முறை வட்டியை முதலோடு சேர்த்தால், நூறு ஆண்டில் அது ஏறத்தாழ 3,340 ரூபாய். 2057இல் தலைப்பு: 'தேன்குழல் பாக்கி 3,340 ரூபாய்: கொள்ளுப் பேரன்கள் மனு'. மறுநாள் தலைப்பு: 'சீப்புச் சீடைக்காரர் வாரிசுகள் தலைமறைவு'. இத்தோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவதாக உலக வங்கியையோ செவ்வாய்க் கிரகத்தையோ இழுத்தால் அந்தக் கால் பைசா காணாமல் போய்விடும். சிரிப்பே அந்தக் கால் பைசாவில்தான் இருக்கிறது.

அதனால் முதல் படி மெய்யாகவும், இரண்டாவது நடக்கக்கூடியதாகவும், மூன்றாவது வரம்பு மீறியதாகவும் இருந்தால் போதும். உள்ளூரிலேயே இன்னொன்று இருக்கிறது. 1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. உலோகம் துருப்பிடிப்பதைத் தடுப்பது அங்கே நடக்கிற முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. ஆய்வு முழு வெற்றி பெற்று, ஊரில் ஓர் ஆணியும் துருப்பிடிக்கவில்லை என்று வையுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எது தாத்தா காலத்துப் பூட்டு, எது போன மாதத்துப் பூட்டு என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் தடுமாறுவார்கள். கடைசியில் கடைக்காரர்கள் அதே நிலையத்தின் வாசலில் 'துருச் சான்றிதழ்' கேட்டு வரிசையில் நிற்பார்கள். கொடைக்கும் ஆய்வுக்கும் இதில் ஒரு குறையும் வரவில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவு.

எழுதும்முன் உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் எழுதினால், நடந்தது கற்பனையை மிஞ்சி நின்று எழுதியவரை வெட்கப்பட வைக்கும். 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று உலகமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. குப்பை போட்டதற்காக அங்குள்ள எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. முப்பது ஆண்டு கழித்து, ஒரு வானொலி நிகழ்ச்சியின் நேயர்கள் பணம் திரட்டி அதைக் கட்டினார்கள். இதற்கு மேல் என்ன கற்பனை செய்வது? இப்படிப்பட்ட தலைப்புக்கு நடந்ததையே போட்டுவிடலாம்.

எல்லாத் தலைப்பும் இந்தப் பகுதிக்கு ஆகாது. 1942இல் பர்மாவிலிருந்து மக்கள் நடந்தே வந்த செய்தி, கப்பல் முழுகிய செய்தி, பஞ்சம், கலவரம் எதுவும் வேண்டாம். அந்த நடையில் ஆளை இழந்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு வீடுகளில் அலமாரித் தட்டிலும் டிரங்குப் பெட்டியின் அடியிலும் விரித்த தாள்களே ஏராளம். அவை எடைக்குப் போகும்முன் படம் எடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால் வெளிச்சம் பட்டதும் பழுக்கும், நாளாக ஆக மடிப்பில் ஒடியும். காய்ந்த கோடை மதியத்தில் பிரிக்காமல், காற்றில் ஈரப்பதம் இருக்கும் விடியற்காலையில், அடியில் கெட்டி அட்டை கொடுத்து மெல்லப் பிரியுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நேர்வெயில் படாத இடத்தில் தாளை வைத்து, பின்புறத்து எழுத்து தெரியாதபடி அடியில் கறுப்புத் தாள் போட்டு, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுத்தால் கைப்பேசியே போதும். இதழின் பெயரும் தேதி வரியும் படத்துக்குள் இருக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் 1994இல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகமாகச் சென்னையில் பயன்படுகின்றன. அவ்வளவு பெரிதாகச் சேர்க்க எல்லோராலும் ஆகாது, ஆனால் ஒரு பெட்டியின் அடித்தாளைப் படம் எடுக்க எல்லோராலும் ஆகும்.

அச்சிடும் விதத்தில் ஒரு வேண்டுகோள், இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இப்போது கற்பனைத் தலைப்பையும் அசல் தலைப்பையும் ஒரே எழுத்துருவில் போடுகிறீர்கள். யாரோ ஒருவர் கற்பனையை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் மாலைக்குள் அது செய்தியாகிவிடும். பக்கத்தின் மேலே 'கற்பனை' என்று போட்டால் வெட்டும்போது அது போய்விடுகிறது. ஒவ்வொரு கற்பனைத் தலைப்பின் எழுத்துகளுக்குப் பின்னாலும் சாம்பல் நிறத்தில் அந்தச் சொல் ஓட வேண்டும். கற்பனைத் தேதி இன்றைக்கு முப்பது ஆண்டாவது தள்ளி இருக்கட்டும்; அடுத்த மாதத் தேதி ஆபத்து.

தேதிப் பகுதி கிழிந்துபோன தாள்களையும் ஒதுக்க வேண்டாம். விலை அணாவில் இருக்கிறதா, எந்தப் படத்தின் விளம்பரம், எந்தக் கோயில் திருவிழா அறிவிப்பு என்பதை வைத்து மூத்த வாசகர்கள் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். அதற்காகப் பக்கத்தின் ஓரத்தில் வாரம் ஒரு தாளின் படம் போட இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி