தைலமரம் வேண்டாம், மெய்யப்பா

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள்.

ஊருணிக்கு மேற்கே சும்மா கிடக்கும் பொட்டலில் தைலமரம் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாமப்பா. அது சும்மா கிடக்கவில்லை, விசிறி ஓணான் அங்கே குடியிருக்கிறது.

போன வாரம் வெயில் ஏறும் நேரத்தில் அங்கே போய் நின்றேன். சரளைக்கல் ஒன்றின்மேல் ஒரு ஆண். வாலை விட்டுவிட்டால் சுண்டுவிரல் நீளம்தான். செம்மண்ணும் சருகும் கலந்த நிறம், அசையாவிட்டால் கண்ணில் படாது. முன்னங்காலை ஊன்றித் தலையைத் தூக்கியது. தொண்டைத் தோல் நெஞ்சு வரை விரிந்தது. வெளிறிய தோலில் ஒரு நீலத் தீற்றல். உடனே சுருக்கிக்கொண்டது, மறுபடி விரித்தது. பெட்டையை அழைப்பதும் போட்டி ஆணை மிரட்டுவதும் இதை வைத்துத்தான். நான் ஓரடி வைத்ததும் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடிவிட்டது! வேலி ஓணானுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல், இதற்கு நாலே நாலு.

விசிறியைக் காட்ட அதற்கு வெட்டவெளி வேண்டும். ஒளிய ஒரு குத்துச்செடி, பெட்டை குழி தோண்டி முட்டையிட மண், தின்ன எறும்பு, கரையான், வண்டு. எல்லாம் உன் பொட்டலில் இருக்கிறது. தைலமரம் வந்தால் நிழலும் சருகும் தரையை மூடிவிடும்.

1829-ல் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் இந்த ஓணானுக்குப் புதுச்சேரியை வைத்துத்தான் அறிவியல் பெயர் சூட்டினார். இதன் உறவினங்கள் இலங்கையின் வறண்ட கரையிலிருந்து நேபாளம் வரை உண்டு. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி மேட்டில் காற்றாலைகளால் வேட்டைப் பறவைகள் குறைந்து, அங்குள்ள விசிறி ஓணான்கள் பெருகியதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. பயம் விட்டுப்போய் மனிதரைக்கூட அதிகம் நெருங்கவிட்டனவாம். ஒரு நிலத்தில் எதை நட்டாலும் அங்கிருக்கும் எல்லா உயிருக்கும் கணக்கு மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சீமைக்கருவேலை மட்டும் வேரோடு எடுத்துவிடுவோம். ஆவாரையும் சூரையும் இருக்கட்டும். மண் இயந்திர வாடகை நான் விசாரிக்கிறேன், பங்காளிகளைக் கேட்டு நீ பதில் எழுது.

அன்புடன்,
சுப்பையா