ஷாஃப்டை மூட வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரில் 22 வருடமாக சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் போடப் பலகையும் முட்டும் அடிக்கிற வேலை செய்கிறேன். இப்போது 14 ஆட்களை வைத்துக்கொண்டு மேஸ்திரியாக இருக்கிறேன். போன மாசி மாதம் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாடி ஸ்லாபில், மேலிருந்து கீழ்வரை குழாய் போகிற ஷாஃப்டுக்காக இரண்டடிக்கு மூன்றடி ஓட்டை விட்டிருந்தோம். ஸ்லாபைத் தாங்கிய ஜாக்கியைப் பிரித்த அன்றே அதன்மேல் பலகை போட்டு நாலு மூலையிலும் ஆணி அடித்தோம். 'ஓட்டை, மிதிக்காதே' என்று சாக்பீஸில் எழுதியது நான்தான். இரண்டு நாள் கழித்து வந்த பிளம்பிங் ஆட்கள் ஆணியைப் பிடுங்கி, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் இருந்த ஒடிசாப் பையன் ஒருவன் தோளில் பைப் கட்டோடு வந்தான். தோளில் சுமை இருக்கிறவனுக்குக் காலடி தெரியாது. உள்ளே போய்விட்டான். இரண்டாவது மாடியில் நாங்கள் அடித்த பலகை அப்படியே இருந்ததால் அதில் விழுந்து தங்கினான். இடுப்பெலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தது.

அவனை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. சென்ட்ரிங் பிரித்ததோடு என் வேலை முடிந்தது என்று நானும் சொன்னேன், மறைக்கவில்லை. மூடி போட்டது நாங்கள் இல்லை என்றார் பிளம்பிங்காரர். அந்த மாடியை இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவே இல்லை என்றார் எலக்ட்ரிகல்காரர். பில்டரின் இன்ஜினியர் சைட்டில் இருந்த ஐந்து கான்ட்ராக்டர்களின் ஒர்க் ஆர்டர்களையும் எடுத்து வந்தார். பாதுகாப்பு கான்ட்ராக்டரின் பொறுப்பு என்று ஐந்திலும் ஒரே வரி. ஆஸ்பத்திரியில் கேட்ட முன்பணம் 18,000 ரூபாயை மேஸ்திரிகள் நாங்கள் கையிலிருந்து போட்டுக் கட்டினோம்.

வேலை கொடுப்பவர் இடைவிடாமல் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம். கான்ட்ராக்டர் மூலம் நடக்கும் வேலைக்கு அந்தக் கான்ட்ராக்டரும் வேலை கொடுப்பவர்தான் என்பதும் அதிலேயே இருந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் சைட்டில் ஐந்து முதலாளிகள். அவரவர் ஆட்களை அவரவர் பார்த்துக்கொள்ளலாம், சரி. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையில் போய் முட்டுகிற இடத்தை யார் பார்ப்பது? நான் கண்ட விபத்துகளில் பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தன. பாதுகாப்புக் குழு, சேஃப்டி ஆபீசர் எல்லாம் அந்தச் சட்டப்படி 500 ஆட்கள் இருந்தால்தான். அதற்குப் பதிலாக 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கட்டட வேலைக்கு சேஃப்டி ஆபீசர் வைக்க வேண்டிய அளவை 250 ஆக்கியது. எங்கள் சைட்டில் ஐந்து பேரின் ஆட்களையும் கூட்டினால் 110. நான் வேலை பார்த்த சைட்டுகளில் பெரும்பாலானவை இந்த அளவுதான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சைட் முழுவதற்கும் ஒரே ஆளைப் பில்டர் நியமிக்கட்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். பெயரும் போன் நம்பரும் கேட்டில் எழுதியிருக்க வேண்டும். காலையில் எல்லா மேஸ்திரிகளையும் 10 நிமிடம் நிற்கவைத்து, இன்றைக்கு எந்த மாடியில் யார் எதைத் திறக்கிறீர்கள், எந்தச் சாரத்தைப் பிரிக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் போதும். பலகையைப் பிடுங்கியவர் திரும்ப அடிக்கும்வரை அங்கே ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அப்புறம், அந்தப் பிளம்பிங் ஆட்கள் பீகாரிகள், நான் தமிழில் எழுதியதை அவர்களால் படிக்க முடியாது என்பது அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. இப்போது சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போடுகிறேன்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல செஸ் வரி வசூலிக்கிறார்கள். அதைக் கட்டும்போதே இந்த ஆளின் பெயரையும் அதிகாரிகள் எழுதி வாங்கட்டும். பெயர் இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி,
விவேக் நகர், பெங்களூரு.