பிடில் கிடக்கட்டும், முப்பதாயிரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொடுங்கோலர்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'ரோம் எரிந்தபோது பிடில் வாசித்த நீரோவைப் பொங்கியெழுந்த மக்கள் விரட்டியடித்தார்கள்.' ஒரே வரியில் இத்தனை பிழைகளை அடக்கத் தனித் திறமை வேண்டும். கட்டுரையாளருக்கு என் பாராட்டுகள்.

வயலின் வகைக் கருவிகள் 16-ம் நூற்றாண்டில் வந்தவை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ரோமப் பேரரசன் நீரோ மீட்டியது கித்தாரா, நம் யாழுக்குக் கிட்டத்தட்ட உறவு. கி.பி. 64 ஜூலையில் தீப்பிடித்தபோது அவன் ரோமிலேயே இல்லை, கடற்கரை ஊரான ஆன்டியத்தில் இருந்தான். திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானிய விலையையும் குறைத்தான். நான் சொல்லவில்லை, அவனைக் கொஞ்சமும் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் சொல்கிறார். அதற்காக அவனை நல்லவன் என்கிறேனா? பெற்ற தாயைக் கொல்ல ஆளனுப்பியவன். கட்டிய மனைவி ஆக்டேவியாவையும் விட்டுவைக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் சேர்க்க இவ்வளவு இருக்கும்போது பிடில் எதற்கு?

இந்தப் பிடிலால் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு காலாண்டுத் தேர்வில், 'ரோம் எரிந்தபோது நீரோ ------ வாசித்தான்' என்று கோடிட்ட இடம். நான் சொல்லிக்கொடுத்ததை நம்பி ஒரு பையன் 'யாழ் மாதிரி ஒன்று, ஆனால் அப்போது வாசிக்கவில்லை' என்று எழுதிவிட்டான். திருத்தியவர் வேறு ஆசிரியர். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'அதிகப்பிரசங்கி' என்று வேறு எழுதியிருந்தார். அந்தத் தாளோடு பையன் என் மேஜை முன்னால் வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு மார்க்கை என்னால் வாங்கித்தர முடியவில்லை.

சரி, பிடிலை விடுங்கள். 'மக்கள் விரட்டியடித்தார்கள்' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தீக்கும் வீழ்ச்சிக்கும் நடுவே நான்கு வருடம். 68-ல் அவனுக்கு எதிராக முதலில் கிளம்பியது கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) பகுதி ஆளுநர் விண்டெக்ஸ், அவர் ஒரே போரில் முடிந்துபோனார். நீரோவுக்கு அடுத்துப் பேரரசரான, அப்போது ஸ்பெயினில் இருந்த கால்பாவோ இன்னும் ரோமுக்கு வந்து சேரவேயில்லை. ஆட்சியைக் கவிழ்த்தது அரண்மனைக் காவல்படை. 'நீரோ ஓடிவிட்டான், கால்பா உங்களுக்குத் தலைக்கு 30,000 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) தருவார்' என்றார் அவர்களின் தளபதி நிம்பிடியஸ். காவலனின் சம்பளக் கணக்கில் அது ஏறக்குறைய பத்து வருடக் கூலி. கட்சி மாறினார்கள். நள்ளிரவில் நீரோ விழித்தால் வாசலில் காவல் இல்லை. நண்பர்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினான், ஒருவரும் திறக்கவில்லை. திரும்பி வருவதற்குள் வேலைக்காரர்கள் படுக்கை விரிப்பைக்கூட உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில், முப்பது வயதில், ஜூன் மாதம் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டான். அதை அழுத்தவும் ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். அப்புறம் பல காலம் அவன் கல்லறையில் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்களாம், இன்னொரு ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார். தங்கள் 'பொங்கியெழுந்த மக்கள்' பூ வாங்கப் போயிருப்பார்கள் போலிருக்கிறது.

அந்த 30,000? கால்பா தரவில்லை. 'சிப்பாயைத் தேர்ந்தெடுப்பேன், விலைக்கு வாங்க மாட்டேன்' என்றார். 69 ஜனவரி 15 அன்று அதே காவல்படை அவர் தலையையும் எடுத்தது. அந்த ஒரே வருடத்தில் ரோமுக்கு நான்கு பேரரசர்கள். தங்கள் கட்டுரையில் நீரோ செத்ததும் ஊரே விளக்கேற்றிச் சுபம் போட்டுவிடுகிறது.

இது முதல் தடவையுமல்ல. முன்பு ஓர் இதழில், நீரோ கொலோசியத்தில் அமர்ந்து சிங்கச் சண்டை பார்ப்பதாகப் படம் போட்டிருந்தீர்கள். 68-ல் செத்தவன், 80-ல் திறந்த அரங்கில் எப்படி உட்கார்ந்தான்? அவன் அரண்மனை ஏரியை வற்றவைத்து, அந்த இடத்தில் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கியதல்லவா அது! 'படம் அருமை, ஆனால்...' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். 'படம் அருமை' என்பதை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். தெருவில் இரண்டு பேர் பாராட்டினார்கள்.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். இடம் போதாவிட்டால் என் வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், முப்பதாயிரத்தை வெட்ட வேண்டாம். சந்தா கட்டியும் தீபாவளி மலர் எனக்கு வந்து சேரவில்லை, அதையும் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்