அந்த போட்டோவில் தெரியாத தண்ணீர்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

இதை போனில் சொல்ல முடியாது. உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து ஒரு கடிதம்.

போன வாரம் நீ சொன்னாய்: "நீங்களே நம்ம மாடி பாத்ரூமைச் செஞ்சீங்கல்லப்பா, நானும் எங்க பாத்ரூமை நானே உடைச்சுச் செய்யப் போறேன். இங்க ஆஸ்திரேலியாவுல ஆள் வச்சா கட்டுப்படியாகாது." மாப்பிள்ளையும் பின்னாலிருந்து தலையாட்டினார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. நீ நம்பியது நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோவை. அது இரண்டாவது தடவை முடித்த பிறகு எடுத்தது. முதல் தடவை என்று ஒன்று இருந்தது. அதை உனக்குச் சொல்லவில்லை. உன் அம்மாவும் இதுவரைக்கும் என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

2023 டிசம்பர் 17, 18 மழை உனக்கு நினைவிருக்கும். தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், கீழே மளிகைச் சாமான் வைக்கிற அறையின் கூரையில், அரிசி டிரம்முக்கு நேர் மேலே, தோசை அளவுக்கு ஒரு ஈரம். மழைதானே, காயும் என்று விட்டுவிட்டோம். மாசி வந்தது, பங்குனி வந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்தபோதும் அந்தத் தோசை காயவில்லை, ஊத்தப்பமாகியிருந்தது. மழை நின்று ஐந்து மாதம் ஆன பிறகும் ஈரம் என்றால் அது மழைத் தண்ணீர் இல்லை. மேலே பாத்ரூம். அந்த வீட்டில் நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அதுதான்.

மேஸ்திரி வந்து பார்த்து 85,000 சொன்னார். ஏழுக்கு ஐந்தடி அறை. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தத் தொகை கையெழுத்துப் போடாத விடைத்தாள் மாதிரி இருந்தது. சரி, நாமே செய்வோம் என்று வைகாசியில் சுத்தியலும் உளியும் எடுத்தேன். பத்து நாள் வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். முடிந்தது நவராத்திரிக்கு முந்தின வாரம்.

உடைப்பது சுகம். அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்த கோபமெல்லாம் அந்த டைல்ஸில் இறங்கியது. பழைய டைல்ஸுக்கு அடியில் செங்கல் துண்டும் மண்ணுமாக அரையடிக்கு மேல் நிரப்பியிருந்தார்கள். அத்தனையும் மாடிப்படியில் இறங்க வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. 41 சிமெண்ட் சாக்கு. 26-ஆவது சாக்கில் இடுப்பு பிடித்து, மூன்று நாள் படுத்திருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னோமே, அது இதுதான்.

பிளம்பர் வந்து துருப்பிடித்த குழாயை மாற்றி, தரைத் தண்ணீர் இறங்குகிற புது டிராப் வைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்று சொன்னார். "சார், பூச்சு அடிச்சு காஞ்ச பிறகு வாயை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சுப் பாருங்க. அப்புறம் டைல்ஸ் ஒட்டலாம்." தலையாட்டினேன். ஆனால் நெல்லையப்பர் ஆனித் தேருக்கு உன் சித்தி குடும்பம் வருகிறது. எட்டுப் பேரையும் கிணற்றடிக்கு அனுப்ப முடியாது. இரண்டு நாள் எங்கே இருக்கிறது? வாட்டர்புரூஃபிங் பூச்சு இரண்டு கை அடித்தாயிற்று, பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருக்கிறது, இதுக்கு மேல் என்ன என்று டைல்ஸில் கை வைத்துவிட்டேன்.

டைல்ஸ் விஷயத்தில் நான் செய்ததைக் கேள். ஒட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப் போட வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அம்மாவின் துணி ஊறவைக்கிற தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். அது செராமிக் டைல்ஸுக்குச் சொன்னது. அது தண்ணீர் குடிக்கும், ஊறப் போடாவிட்டால் சிமெண்டில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும். நான் வாங்கியது விட்ரிஃபைடு. அது தன் எடையில் 0.5 சதவீதம்கூடக் குடிக்காது. விடிய விடிய ஊறியும் கல் மாதிரியே இருந்தது. சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் பிடிக்கவும் பிடிக்காது, அதற்கென்று டைல் பசை தனியாக இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஆடி மாதம்.

ஆடியில் அரிசி டிரம்முக்கு மேல் தோசை திரும்ப வந்தது.

உடைத்தேன். உடைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சில டைல்ஸ் ஓரத்தில் விரலை விட்டு நெம்பினதுமே முழுசாகக் கையோடு வந்தது. பின்பக்கம் கடையில் வாங்கினபோது இருந்த மாதிரி சுத்தமாக, சிமெண்டின் வாசனைகூட இல்லாமல். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாரு, அந்த போட்டோவை உனக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கசிந்த இடம் டிராப்பைச் சுற்றி. பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேருகிற இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி. பூச்சு அந்த ஓரம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. இரண்டாம் தடவை அந்த இடைவெளியைச் சுருங்காத கலவை வைத்து அடைத்து, சுவரும் தரையும் சேருகிற மூலைகளைக் கலவையால் வளைவாக உருட்டி, வலைத்துணி வைத்து, முதல் கை குறுக்கே, இரண்டாம் கை நெடுக்கே அடித்தேன். பிறகு மூன்று நாள் தண்ணீர் கட்டினேன். சுவரில் பென்சிலால் ஒரு கோடு. கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் பேசினில் அதே உயரத்துக்குத் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் வெயில் குடித்தது. தரையில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் வீடு குடித்தது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கோடும் ஒன்றாக இறங்கியிருந்தன. கீழே போய் டிரம் மேல் ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. உன் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று, சரிவு. 80-க்கு 1 என்று படித்தேன். ஏழடி என்றால் 84 அங்குலம், 80-ஆல் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை மேல். பலகையில் போட்டால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் நம் டிராப் மூலையில் இல்லை, சுவரை விட்டு ஒரு அடி உள்ளே இருக்கிறது. நாலு பக்கத்துத் தண்ணீரும் அங்கே ஓட வேண்டுமென்றால் தரை தபால் உறையின் பின்பக்கம் மாதிரி நாலு முக்கோணமாக மடிய வேண்டும். நான் வாங்கினதோ இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ். அது மடியுமா? முதல் தடவை போட்ட தரையில் கதவோரம் எப்போதும் ஒரு குட்டிக் குளம்.

சாக்கு இறக்க இந்தத் தடவை ஒரு சித்தாள் அம்மாவைக் கூப்பிட்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் கலவை சுமந்தவர். நான் தரையில் குந்தி உட்கார்ந்து ரசமட்டத்தை வைத்து வைத்து எடுப்பதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். "சார், ஓரடி டைல்ஸ் வாங்கியிருக்கணும். பெருசை வச்சா மூலைக்கு மூலை அறுக்கணும்லா" என்றார். செய்வீங்களா என்று கேட்டேன். சிரித்தார். "எங்ககிட்ட யாரு கரணையைக் குடுக்கா?" நான் கொடுத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நூல் பிடித்து, ஒன்றரை நாளில் தரையை முடித்தார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு மக் தண்ணீரை ஊற்றி, அது எங்கே தயங்குகிறது என்று குனிந்து பார்ப்பார். தயங்கின இடத்து டைல்ஸை மணியாஸ் கட்டையால் இரண்டு தட்டு. ரசமட்டத்தை ஒரு தடவைதான் தொட்டார். இருபது வருஷமாகத் தலையில் சட்டியோடு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒரு மேஸ்திரியும் கேட்டதில்லை. கொத்தனார் கூலி கொடுத்தேன். கூட வந்துவிட்டது என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அந்த போட்டோவில் நீ ஹார்ட் போட்டாயே, அந்தத் தரை அவருடையது. சுவர் மட்டும்தான் என்னுடையது. உற்றுப் பார்த்தால் மூன்றாவது வரிசை கொஞ்சம் கோணலாக இருக்கும்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். நீ சொன்ன பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். உன் வீடு 1970-களில் கட்டினது என்றாய். உங்கள் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸை முழுசாகத் தடை செய்ததே 2003 டிசம்பர் 31-இல்தான். 1990-க்கு முந்தின வீடு என்றால் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். பாத்ரூம் சுவரில் டைல்ஸுக்குப் பின்னால் அங்கே ஃபைப்ரோ என்கிற, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஷீட்டை அடித்திருப்பார்கள். சும்மா இருக்கிற வரை அது சாது. உளியோ டிரில்லோ பட்டால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் காட்டும். எங்கள் சுவருக்குப் பின்னால் செங்கல் மட்டும்தான் இருந்தது, அதனால் என் முட்டாள்தனம் இடுப்போடு போயிற்று. ஒரு டைல்ஸைத் தட்டுவதற்கு முன்னால் ஆளை வரச் சொல்லி மாதிரி எடுத்து, நாட்டா (NATA) என்று ஆய்வகங்களைச் சரிபார்க்கிற அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பார். இருக்கிறது என்று வந்தால் அதை எடுக்க உரிமம் உள்ள ஆளை வை. அந்தக் காசில் கஞ்சத்தனம் பார்த்தால் நானே கிளம்பி வந்து சண்டை போடுவேன்.

கரண்ட் வேலை அங்கே உரிமம் இல்லாமல் செய்வதே குற்றம், குழாய் வேலையிலும் பெரும்பாலானது அப்படித்தான். இங்கேயும் கீஸருக்கு வயர் இழுக்க நான் ஆள்தான் வைத்தேன். அதில் மட்டும் எனக்கு ஆசையே வரவில்லை. டைல்ஸ் அறுத்தால் தண்ணீர் விட்டு அறு, முகமூடி போடு. அந்தத் தூசி பொல்லாதது. கல் அறுக்கிறவர்களுக்கு நுரையீரல் நோய் வந்துதான் செயற்கைக் கல் மேடைகளை 2024 ஜூலை 1 முதல் உங்கள் ஊரில் தடை செய்திருக்கிறார்கள். கையுறை போடாமல் சிமெண்டைத் தொடாதே. என் விரல் தோல் உரிந்து, ஒரு வாரம் அம்மாதான் சோறு பிசைந்து கொடுத்தாள். பிசைந்து கொடுத்தது பெரிதில்லை, கூடவே பேசினாளே.

உங்கள் வீடு மரச்சட்டம் என்கிறாய். எனக்குக் கசிந்தால் கூரையில் தோசை, உனக்குக் கசிந்தால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், தெரியவே தெரியாது. அதனால் பூச்சை மட்டும் தெரிந்த ஆளை வைத்துச் செய்து, சான்றிதழும் வாங்கிக்கொள். மற்றதைச் செய். டைல்ஸ் ஒட்டு, பெயிண்ட் அடி, அலமாரி மாட்டு. கோணலாகப் போனால் போகட்டும். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இன்னொரு பாத்ரூம் இருக்கிறது என்பதை மட்டும் உறுதி பண்ணிக்கொண்டு இதை உடை. நான்கு மாதம் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவன் சொல்கிறேன்.

அப்புறம், தரை உயர்ந்துபோனதால் மாடி பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கும்போது உரசுகிறது. அடியில் முக்கால் அங்குலம் சீவ வேண்டும். ஒரு இழைப்புளி வாங்கி பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தை மாதம் வரும்போது நானும் மாப்பிள்ளையும் கதவைக் கழற்றிவிடுவோம். அம்மா கேட்டால் அது தாத்தா காலத்து இழைப்புளி என்று சொல்.

அன்புடன்,
அப்பா