மியூசியம் தோட்டத்தில் ஒரு காலை

அன்புள்ள செல்லப்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி என்று புலம்பிக்கொண்டே மூன்றாவது மாடியில் வீடு பிடித்திருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல!

இங்கே பாறசாலையில் எல்லோரும் சுகம். போன வாரம் வீட்டுக்காரிக்குக் கண் காட்டத் திருவனந்தபுரம் போயிருந்தோம். காலையில் டோக்கன் வாங்கினால் மத்தியானம்தான் கூப்பிடுவார்கள். அவளைத் தங்கச்சியோடு உட்காரவைத்துவிட்டு நான் மியூசியம் தோட்டத்துக்கு நழுவிவிட்டேன். திங்கட்கிழமை, மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் பூட்டு. அதுவும் நல்லதுதான். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது புலிக்கூண்டைப் பார்த்து ஓடினோமே தவிர, மரம் ஒன்றையாவது ஏறிட்டுப் பார்த்தோமா?

நாகலிங்க மரத்தடியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். கிளையில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே தொங்கும் காம்புகளில் பூக்கிறது. கீழே கிடந்த ஒரு பூவை எடுத்துப் பிரித்தேன். படமெடுத்த பாம்பு என்கிறோமே, அந்த வளைந்த பகுதியிலும் மகரந்தம். நடுவில் லிங்கத்தைச் சுற்றியுள்ள வளையத்திலும் மகரந்தம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்தப் பூவில் தேன் கிடையாது. மேலே இருப்பது வண்டுக்கு வைத்த தீனி, அது காய் பிடிக்க உதவாது. அதைத் தின்ன நுழைகிற வண்டின் முதுகில் வளையத்திலுள்ள நல்ல மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். கூலி தனி, சரக்கு தனி! சிவன் கோயில்களில் நிற்பதால் நம்மூர் மரம் என்றே நினைத்திருந்தோம். பார்த்தால் தென்னமெரிக்காக்காரன், கயானா பக்கம். தூங்குமூஞ்சி மரமும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்.

தோட்டம் போட்டவர் வானம் பார்க்க வந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. திருவிதாங்கூர் வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன். உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் 1857-ல் மியூசியம், 1859-ல் தோட்டம். இப்போதுள்ள மியூசியக் கட்டடம் கட்டடக்கலைஞர் சிஷோம் கட்டியது, 1880-ல் முடிந்தது. பேரோ சென்னை கவர்னர் நேப்பியர் பேர்.

அந்த 1859 தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலவரத்துக்குப் பிறகு, அவர்கள் ரவிக்கை போடலாம் என்று இதே மகாராஜா உத்தரவு போட்டதும் அந்த ஜூலையில்தானே. அதிலும் மேல்சாதிக்காரிகள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு! 1956 நவம்பரில் பிரித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்க்கும்வரை, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் கல்குளம், விளவங்கோட்டுக்காரர்களுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். நம் பாட்டன்மார் கட்டிய வரியும் அந்த மரங்களுக்கு உரமாகப் போயிருக்கும். அதனால் நான் அங்கே விருந்தாளி மாதிரி நடக்கவில்லை, பங்காளி மாதிரிதான் நடந்தேன்.

அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதும் என்றுவிட்டார்கள். நீ ஓணம் கழிந்து வா. ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. செவ்வாய் என்றால் அங்குள்ள ஆர்ட் காலரியில் ரவிவர்மா படங்களையும் பார்த்துவிடலாம். அப்புறம், சின்னவள் வரன் விஷயம் என்ன ஆயிற்று? அதை எழுதாமல் மாடிப்படியைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
தங்கராஜ்